நூற்றிருபத்தேழு

"நீயே அடைச்சிடு" என்றார்.
லேமிங்டன் ரோட்டில் ஏழாயிரத்துக்கு வாங்கிய
பழைய கம்ப்யூட்டரின் முன்
நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு
கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.
வெளியே மழை, ஆஸ்பெஸ்டாஸ் முழுக்க.

ரிஸ்வானாவின் பள்ளிக்கென்று
ஏலச்சீட்டில் எடுத்த நாற்பத்து மூவாயிரம்
சீட்டிலேயே போயிருந்தது.
சீட்டா கேம்ப்பில் குடிவைத்துவிட்டு
சீட்டை விடு என்றால் எப்படி என்று
போன வருஷம் சிரித்தவர்தான்.

வழி சொன்னது, வடாலா ஆபீசில்
பக்கத்து மேசை சாவந்த்.
விண்டோஸின் அடிவயிற்றில் நாலைந்து ஃபோல்டர் இறங்கினால்
ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு.
வலப்பக்கம் தளத்தின் பெயர். இடப்பக்கம்
நூற்றிருபத்தேழு, புள்ளி, சுழி,
புள்ளி, சுழி, புள்ளி, ஒன்று.
ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் வீட்டுக்குத்
தானே வைத்துக்கொண்ட விலாசமாம் அது.
அந்தச் சந்துக்கு விடுப்பா என்று ஏறி உட்கார்ந்தவனை
ஆட்டோக்காரர் ஒரு சுற்றுச் சுற்றி
அவன் வாசலிலேயே இறக்கிவிடுகிற மாதிரி.

"பெயரைச் சொல்லுங்க."
எனக்குத் தெரிந்தவை மூன்று.
அவர் எழுத்துக்கூட்டிச் சொன்னார்.
எங்கே இரண்டு எம், எங்கே கோடு,
எது டாட் காம், எது டாட் இன்,
ஒன்றில் ஈ வரும் இடத்தில் மூன்று போட வேண்டுமாம்.
நிக்காஹ் அன்று ஜமாஅத் நோட்டில்
என் பெயரைத் தப்பாக எழுதவிட்டவர்.
இருபத்தொன்றில் நிறுத்தினார்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சேமித்தேன். அப்படியே திறந்தது தளம்,
மேளதாளத்தோடு, ஐந்நூறு ரூபாய் போனஸோடு.
நோட்பேட் கோப்பின் பின்னால்
டெக்ஸ்ட் என்று ஒரு வாலை ஒட்டியிருந்தது.
வாலை நறுக்கினேன்.
பிறகு வெள்ளைப் பக்கம்: அணுக முடியவில்லை.
இருவரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்,
டிவி மாதிரி.

கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்து.
முதல் ஆறு அவர் அடித்தார், நான் சுவரைப் பார்த்தேன்.
அடுத்த ஆறு நான். அவர் சுவரைப் பார்த்தார்.
"பேங்க் லாக்கர் மாதிரி" என்றார்.
லாக்கரில் வைக்க என்ன இருக்கிறது என்று
நான் கேட்கவில்லை.

ஆனால் அடைத்த கடை
அடுத்த வாரமே வேறு போர்டு மாட்டித் திறக்கும்.
பெயரை விடு, வார்த்தையைப் பிடி என்றார் சாவந்த்.
ரவுட்டருக்குள் போய், அதே பன்னிரண்டு எழுத்தில் நுழைந்து,
ரம்மி, கேசினோ, பெட்,
எதில் வந்தாலும் தடு என்று எழுதிவைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் ரிஸ்வானா அழுதாள்:
ஏபிசிடி வரலை.
ஆப்பிள் வரலை, பந்து வரலை, பூனை வரலை.
அரைமணி நேரம் தேடினேன், ஒயரை ஆட்டினேன்.
அவர்தான் கண்டுபிடித்தார், என் தோளுக்குப் பின்னாலிருந்து:
"ஆல்ஃபபெட்டுக்குள்ள ஒரு பெட் இருக்கு பாரு."
சிரித்தார். ரமலானுக்குப் பிறகு முதல் தடவை.
எங்கே ஒளிந்திருந்தாலும் அந்தச் சொல்
அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.
இரண்டு ஆறுகளையும் சேர்த்து
பிள்ளைக்கு எழுத்துகளைத் திருப்பிக் கொடுத்தோம்.

போனைப் பற்றி யாரும் பேசவில்லை.
ராத்திரியானால் அது ஃபிரிட்ஜ் மேல் போய்க்
கவிழ்ந்து படுத்துக்கொள்கிறது.

நேற்று இரண்டு மணிக்கு விசைப்பலகைச் சத்தம்.
ஒன்று தட்டி, நின்று, இன்னொன்று தட்டி.
வெள்ளைப் பக்கத்தின் வெளிச்சம்
சுவரில் வந்து வந்து போனது.
பதினாறு வரை எண்ணினேன். அப்புறம் பச்சை.
வெகுநேரம் பச்சை.
என் ஆறு எழுத்தையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு
அசையாமல் படுத்திருந்தேன்.

அவர் ஷிப்டுக்குப் போன பிறகு,
மவுஸுக்கு அடியில், கரண்ட் பில்லின் பின்பக்கம்,
இருபத்திரண்டாவது பெயர்.
அதன் கீழே அவருடைய ஆறு எழுத்து.
என் பெயர்தான்.
ஜமாஅத் நோட்டில் இருக்கிற
அதே தப்போடு.