சொர்க்கத்தில் ஒரு நாள் கூலி

ரோம், நாற்பத்தாறு, பிப்ரவரி.
மூன்றாம் அரங்கில் சொர்க்கம் போட்டிருந்தார்கள்.
பஞ்சு மேகம், பசைவாடை.
செத்தவர்களுக்கு வெள்ளை அங்கி,
மதியம் பீன்ஸ் சூப்.
அங்கியைச் சாயங்காலம் திருப்பித் தர வேண்டும்.

வரிசையில் பதினோராவது ஆள் எர்சிலியா.
காலுறை இரண்டு ஜோடி, மேலுலகில் அப்படிக் குளிர்.

வாசலில் தேவதூதன் பேரேட்டைப் பிரித்தான்.
யாரோ வாய்க்கு வந்தபடி எழுதிவைத்த பெயர்கள்.
"நேவியோ, தபால்காரன்."

"அவர் சாகவில்லை" என்றாள்.
"டான் நதிப் பக்கம் காணவில்லை,
அவ்வளவுதான்."

கட்.
ஃபிலிம் வீண் என்று யாரோ முனகினார்கள்.
தேவதூதன் இறக்கையை ஒதுக்கிக்கொண்டு
காதிடுக்குப் பென்சிலை எடுத்து
அந்தப் பெயரை அடித்தான்.

அடுத்த டேக்கில்
அவள் முகத்தைப் பார்த்தால்
செத்தவள் என்று நம்ப முடியவில்லை.
பின்வரிசைக்கு அனுப்பினார்கள்.