ஏழாவது கட்டம்

கொள்ளுப்பிட்டியில், கடல் தெரியாத பக்கம்,
மூன்றாம் மாடி மண்டபம்.
குளிர்சாதனத்தைப் பதினெட்டில் விட்டிருந்தார்கள்.
மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில்
பாதித் தூரம் நின்றபடி வந்த ஐந்து பேர்
தோள் துவாயைக் காதுவரை இழுத்துக்கொண்டார்கள்.

எனக்கு நாட்கூலி எண்ணாயிரம்.
தமிழைச் சிங்களத்தில் ஊற்ற வேண்டும்,
சிங்களத்தைத் தமிழில்,
இடையில் வரும் ஆங்கிலத்தைச் சிந்தாமல் இரண்டிலும்.

படிவம் வந்தது.
ஏழாவது கட்டம்: நிரந்தர முகவரி.
ஆதம்பாவா பேனையை மூடிவிட்டுக் கேட்டார்,
"எந்த மாசத்துக்கு?"

சிரித்தார்கள். நானும்தான்.
அவர் சிரிக்கவில்லை.
"ஐப்பசியில வயல் விதைச்சா
மாட்டுக்கு ஊருக்குள்ள இடமில்ல, மலையடிக்குப் போவம்.
பங்குனியில வெட்டின வயலுக்குள்ள இறங்குவம்,
தாள் எங்களுக்கு, சாணி வயல்காரனுக்கு.
ஆடியில குளம் வத்தும்.
வத்தின குளத்துக்குள்ளதான் அப்ப புல்லு.
இதில எதை எழுத?"

அதிகாரி ஒரு சொல்லில் எழுதிக்கொண்டார்.
என்ன எழுதினார் என்று யோகமலர் கேட்டாள்.
நாடோடிகள் என்றேன்.
"ஓடுறதெண்டா ஆர் தங்கச்சி?
நாங்க வருசா வருசம் அதே மரத்தடிக்குத் திரும்பி வாறம்."
அந்த 'ஓடி'யைச் சிங்களத்துக்குக் கொண்டுபோக
எனக்கு வழி தெரியவில்லை.
இருமினேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

பிறகு திரையில் கொட்டில்கள்.
நாற்பது. கொங்கிறீட் தரை, நீலத் தகரம்,
ஒவ்வொன்றிலும் கொழுத்த வெள்ளை கறுப்புப் பசுக்கள்,
எந்த நாட்டுப் புல்லையோ தின்றபடி.
"வடிவாத்தான் இருக்கு," என்றார் ஆதம்பாவா,
"மாடு மலையடிக்குப் போனாப் பிறகு
உள்ளுக்குள்ள ஆர் இருக்கிறது?"

யோகமலர் பால்மாப் பையிலிருந்து ஒரு சீஆர் கொப்பி எடுத்தாள்.
பட்டிக்கு ஒரு நாகு, வருசத்துக்கு, சங்கத்துக்கு.
நாலு வருசத்தில் இருபத்துமூன்று.
தண்ணியில்லாத வருசம் ஏழு விற்றது,
அந்தக் காசில் இரண்டு மடு ஆழமாக்கியது.
யானை அடித்த வீட்டுக்குக் கன்றோடு ஒன்று.
மாட்டு டாக்குத்தருக்குப் பெற்றோல், மூவாயிரம்.
(வரவில்லை.)
அடைப்புக்குறியையும் வாசித்தேன்.

அவர்கள் கேட்டது காசில்லை.
மலையடியிலிருந்து குளம்வரை
முப்பது முழ அகலத்தில் மாடு போகும் பாதை.
ஒருவரும் வேலி போடக்கூடாதென்று ஒரு கடிதம்.
ஊசி போடுகிறவர் மாடு நிற்கிற இடத்துக்கு வரட்டும்.
அதிகாரி நல்ல மனிதர், உண்மையிலேயே வருந்தினார்.
பாதைக்கு வேறு அமைச்சு, காட்டுக்கு வேறு,
குளத்துக்கு மாகாணம்.
கொட்டிலுக்குத்தான் நிதி ஒதுக்கியிருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டில் பிளாஸ்டிக் கோப்பைத் தயிர்.
யோகமலர் ஒரு கரண்டியோடு வைத்துவிட்டாள்.
"இது மாட்டைக் காணாத தயிர்."
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ரயிலுக்கு நேரமிருந்தது. காலிமுகத்திடலில்
பட்டங்களுக்கும் இறால் வடைக்கும் நடுவே
ஆதம்பாவா குந்தியிருந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி
நுனியைக் கடித்துப் பார்த்தார்.
"உப்பு. பசு தின்னாது, ஆடெண்டாத் தின்னும்."
பிறகு திடலை முழுதாக ஒருமுறை அளந்தார்,
கண்ணால், எண்ணுகிற மாதிரி.

அன்றிரவு வெள்ளவத்தையில் என் அறையில்,
இந்த நகரத்தில் என் ஒன்பதாவது அறையில்,
நானும் எண்ணினேன்.
ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தை
கை நடுங்காமல் நிரப்பியிருக்கிறேன்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.
ஐந்து படிவங்களிலும் ஏழாவது கட்டத்தில்
ஒரே படம் இருக்கிறதாம்,
இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு.
சங்கத்து மாட்டுக்குச் சுடுகிற குறி அது, எனக்குத் தெரியும்.
கணினியில் ஏற்ற வேண்டும், சிங்களத்தில் என்ன என்றாள்.
முகவரிதான் என்றேன்.
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள்.