நான்காவது ஆள்

மூன்று நாளாய் எங்கள் பிளாக்கில்
யாரும் சரியாகத் தூங்கவில்லை.
ஏதோ ஒரு நாட்டின் ஈயச் சுரங்கத்தில்
பதினொரு பேர்.
ஊர்ப் பெயரைச் செய்தி வாசிப்பவரே
மூன்று விதமாகச் சொல்கிறார்.

புக்கிட் பாத்தோக் கோப்பிக்கடையில்
கால்பந்துக்கென்று மாட்டிய பெரிய திரையில்
இப்போது ஒரு துளை மட்டும்.
துளையைச் சுற்றி விளக்கு.
விளக்கைச் சுற்றி மஞ்சள் தொப்பிகள்.
தொப்பிகளைச் சுற்றி நாங்கள்,
ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி,
ஆறிப்போன கோப்பி ஓவோடு.
தட்டு எடுக்க வரும் அக்கா
இன்னும் எத்தனை மீட்டர் என்று கேட்டுவிட்டுத்
தட்டை எடுக்காமலே போகிறார்.
மூலை மேசையில் ஒரு பாட்டில் பீருக்குப் பந்தயம்:
விடிவதற்குள்ளா, விடிந்த பிறகா.

என் மகன் கவின்ராஜ்
குடிமைத் தற்காப்பில் தேசிய சேவை செய்கிறான்.
சனிக்கிழமை வந்தவன்
சீருடையை ஊறப்போட்டபடி சொன்னான்:
"நாங்களும்தான் தினம் ஒருத்தரைக் காப்பாத்துறோம்மா.
எண்பது கிலோ பொம்மை.
தூக்கிட்டு வந்து, தண்ணி குடிச்சிட்டு,
திரும்பக் கொண்டுபோய்ப் புதைச்சு வைப்போம்."
சிரித்தான். நானும் சிரித்தேன்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏன் பார்க்கிறேன்?
இரக்கம் என்று முதல் நாள் நினைத்தேன்.
இரண்டாம் நாள்
துளைப்பான் உடைந்தது என்று எழுத்து ஓடியபோது
நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று
நிமிர்ந்து உட்கார்ந்தது.
கவலை என்று பெயர் வைத்து
அதை மூடினேன்.

பதினெட்டு வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன்.
கடனை எந்தப் பக்கம் தோண்டினால் முடியும்,
விட்டுப்போனவர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறார்,
வரைபடம் போட்டு அம்புக்குறி இட்டு
எனக்கு யாரும் காட்டியதில்லை.
இந்தத் துளைக்கு ஒரே திசை.
மணிக்கொருமுறை கணக்குச் சொல்கிறார்கள்.
மிச்சம் குறைகிறது.
குறைகிற மிச்சத்தை நான் வேறு எங்கே பார்த்தேன்?

உள்ளேயிருந்து குழாயைத் தட்டுகிறார்களாம்.
மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.
அந்த ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அன்றிரவு மூன்று மணிக்கு
என் கூரைமேல் கோலிக்குண்டு உருண்டது.
அடுக்குமாடியில் இருப்பவர்க்கெல்லாம் தெரிந்த சத்தம்தான்.
குழாயில் காற்று என்பார்கள்,
கம்பி விரிகிறது என்பார்கள்,
வேறு மாதிரியும் சொல்வார்கள்.
இத்தனை வருடம் திரும்பிப் படுத்தவள்
அன்று எழுந்து செருப்பை மாட்டினேன்.

மின்தூக்கி ஒன்பதில் திறந்தது.
இரும்பு கேட்டுக்குப் பின்னால்
கதவு திறந்தே கிடந்தது.
சுவரெல்லாம் அதே நீல வெளிச்சம், அதே துளை.
காலில் மாவுக்கட்டோடு ஒரு சீனர்.
செருப்பலமாரிமேல் கிடந்த கட்டண உறையில்
கெங் ஹுவாட் என்றிருந்தது.
என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை.
நான்கு விரலைக் காட்டி
"அம்பாட்" என்றார்.

கேட்டைத் திறக்க அவருக்குத் தோன்றவில்லை.
கேட்க எனக்கும்.
இரண்டு கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டேன்.

கூண்டு மேலே வந்தது.
கண்ணைத் துணியால் கட்டிய ஒருவன்.
யாரோ அவன் தோளில் போர்வையைப் போட்டார்கள்,
அது வழுக்கி விழுந்தது, மறுபடி போட்டார்கள்.
அவன் வாய் அசைந்தது.
எழுத்து ஓடியது:
இன்றைக்கு என்ன கிழமை?

"வியாழன்" என்றேன், உரக்க.
"காமிஸ்" என்றார் கெங் ஹுவாட், அதே நொடியில்.

அவனுக்குக் கேட்டிருக்காது.
ஆனாலும் கொஞ்ச நேரம்
இருவரும் பதில் சொன்னவர்களாக நின்றோம்.

அப்போது எங்கள் தலைக்கு மேலே,
பத்தாவது மாடியில்,
கோலிக்குண்டு.
மூன்று. நிறுத்தம். மூன்று.

நான் மேலே பார்த்தேன். அவரும் பார்த்தார்.

ஐந்தாவது ஆளுக்காகக்
கூண்டு இறங்கத் தொடங்கியிருந்தது.
திரும்பவும் திரையைப் பார்த்தோம்.