என்ன சாதிக் கோழி

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
நடுவால் ஒரு கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் ஒரே சாதியாய்ப் பத்து.
அந்தப் பக்கம் கலந்து பத்து.
கோண்டாவில் சங்கக்கடையில்
பத்தொன்பது வருடம் கணக்கெழுதின கை
கோழி வாங்கவும் கோடு கேட்கிறது.

யூட் அமலன் பாசையூரிலிருந்து வருவான்.
அவன் வருமுன்னமே
மோட்டர்சைக்கிளின் பின்கூடை வந்துவிடும், கீச்சிட்டபடி.
"மண்ணிறம் மட்டும் எடுங்கோ அக்கா.
ஒரேயடியாய் வளரும்,
ஒரே கிழமையில் முட்டைக்கு வரும்,
ஊசி ஒரே தேதி.
கடைக்காரருக்கும் முட்டை ஒரே நிறமெண்டால் விருப்பம்."
அவன் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

போன வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன்.
பத்தும் ஒரே அச்சு.
பொழுதுபட எண்ணினால்
ஒன்பது வரும், திரும்ப எண்ணினால் பதினொன்று.
எது முட்டையை நிறுத்தியது,
எதற்குக் கால் வீங்கியது,
வாழைப் பாத்தி ஈரத்தில் தனியே நின்றது எது,
நேற்று நின்றதுதானா இன்று நிற்பதும்?
ஒன்றை மரநாய் கொண்டுபோனது.
இரண்டு நாள் கழித்தே தெரிந்தது.
தெரிந்தபோதும்
இன்னதைத்தான் இழந்தேன் என்று சொல்ல
ஓர் அடையாளம் என்னிடம் இல்லை.

அதற்காக, கலந்து வைத்தால் சமாதானம் என்று
யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.
நந்தகோபன் வளவில் கண்டேன்.
கழுத்தில் இறகில்லாத ஒன்றை
மற்றவை தவிட்டுச் சட்டிக்கு அண்ட விடவில்லை.
முதுகு சிவக்கச் சிவக்கக் கொத்து வாங்கி
அது பூவரசுக்குக் கீழே
எல்லாம் தின்று முடியும்வரை நின்றது.
வெள்ளை மதிலேறிப் பறக்கும்.
பெரியது குட்டையை மிதிக்கும்.
ஊர்க்கோழி எங்கே இடுகிறதென்று
ஊருக்கே தெரியாது.

இவர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல்
"கலந்து எடுமன், பார்க்க வடிவு" என்றார்.
வடிவைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது?

அப்போதுதான் மதிலுக்கு மேலால் யோகாம்பிகை அக்கா:
"என்ன சாதி எடுக்கப் போறீர்?"

கோழியைத்தான் கேட்டார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்
இந்தப் படலைக்குள் நான் கால் வைத்த அன்றும்
இதே மதிலுக்கு மேலால், அன்று அது கிடுகு வேலி,
இதே கேள்வி, இதே மெல்லிய குரல்.
என்னிடம் அல்ல, மாமியிடம்.
மாமி "படிச்ச பிள்ளை" என்று
வேறொரு கேள்விக்குரிய பதிலைச் சொன்னா.
மூன்று வருடம் கிணற்றடியில்
எனக்கென்று ஒரு வாளி இருந்தது.
நீல வாளி.

கோழியில் ஏற்றி இதையெல்லாம் சொல்லக் கூடாது.
கோழிக்குத் தவிடு வேண்டும், தண்ணீர், நிழல்.

பில்லை மடித்து வைத்தேன்.
மண்ணிறம் ஆறு, வெள்ளை இரண்டு.
இரண்டுக்கும் இடத் தெரியும், குந்தியிருக்கத் தெரியாது.
ஆகவே அடை மறக்காத ஊர்ப்பேடு ஒன்று.
யாரும் கேட்கவில்லையென்று யூட் சும்மா தந்த
மொட்டைக் கழுத்துச் சேவல் ஒன்று.
தீன்சட்டி மூன்று வைத்தேன், மூலைக்கொன்றாய்.
கண்டுபிடிப்பு என்றால் அது ஒன்றுதான் என்னுடையது.
முதல் மாதம் நான்கும் பிழைத்தது:
பூச்செடி, கறிமிளகாய்ப் பாத்தி,
சேவலின் இடது கண்ணோரம்,
யோகாம்பிகை அக்காவின் நித்திரை.

பங்குனி வெயிலில் ஊர்ப்பேடு அடைகிடந்தது.
கடகத்தில் வைக்கோல் பரப்பிப் பதினொரு முட்டை வைத்தேன்,
ஆறு மண்ணிறம், மூன்று வெள்ளை, தன்னுடையது இரண்டு.
நிறம் பார்க்காமல் அணைத்துக்கொண்டது
என்று எழுத ஆசைதான்.
பார்த்தது.
ஒரு வெள்ளை முட்டையை அலகால் உருட்டி
வெளியே தள்ளியது.

நான் எடுத்து உள்ளே வைத்தேன்.
திரும்பவும் தள்ளியது.
திரும்பவும் வைத்தேன்.