எட்டுப் போடும் வண்டி

சாங்கி இரண்டாம் முனையம், காலை ஆறேகால்.
முப்பத்தாறில் ஏறினான் ஒருவன்
கம்பளிச் சட்டையைக் கையில் மடித்து,
மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படர.
அட்டையைத் தட்டினான்.
எங்கே இறங்குவது என்று கேட்கவில்லை.
முன்வரிசையில் உட்கார்ந்தான்,
போன டிசம்பரில் நான் உட்கார்ந்த மாதிரி.

விடுப்பு மிச்சம் ஒன்பது நாள்.
எடுக்காவிட்டால் காலாவதி என்றது
பணிமனைத் திரையின் சிவப்பு எழுத்து.
பால் பாக்கெட்டா நான், என்றேன்.
ஹாஷிம் சிரித்தான், டிக்கெட்டும் தேடித் தந்தான்:
டப்ளினுக்கு. நடுவில் ஹெல்சிங்கியில்
ஒரு பகல் முழுக்கக் கிடக்க வேண்டும்,
அதனால்தான் மலிவு.

யாரோடு போகிறாய் என்றார்கள்.
இருபத்திரண்டு வருடம் முதுகுக்குப் பின்னால்
எண்பது பேரைச் சுமந்தவளுக்குப்
பின்னால் யாரும் இல்லாதது
எத்தனை பெரிய ஊர் என்று
எப்படிச் சொல்ல.

விமானத்தில் பதின்மூன்று மணி நேரம்.
தூக்கத்திலும் வலது கால் பிரேக்கைத் தேடி மிதித்தது.
பக்கத்து இருக்கைக்காரர்
தன் பையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அங்கே ஒன்பது மணிக்கும் இருட்டு.
பனி விழுந்தது. ஈசூன் மழைக்கு வாங்கிய குடையை விரித்தேன்.
நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்,
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மேட்டில் வெள்ளையாய் ஒரு தேவாலயம். பார்த்தேன்.
கடல் இருந்தது. பார்த்தேன்.
கோப்பி எட்டு வெள்ளி என்று மனம் கணக்குப் போட,
சூடாறும் முன் குடித்தேன்.
பிறகு கால் விறைத்து
பச்சையும் மஞ்சளுமாய் வந்த டிராமில் ஏறியவள்
இறங்கவே இல்லை.

எட்டுப் போட்டது அந்த வண்டி.
மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு
நான் மூன்று முறை தோற்ற அதே எட்டு,
ஊர் அளவுக்குப் பெரிதாக.

ஓட்டியவள் நரைத்த பின்னல்காரி.
சட்டையில் பெயர் வில்லை, வாசிக்க வராத புள்ளிகளோடு.
சரோஜினி என்பதும் அவளுக்கு வந்திருக்காது.
ஓடிவந்த ஒருவருக்காக அவள் மூன்று நொடி நின்றாள்.
எண்ணினேன்.
அந்த மூன்று நொடி எங்கிருந்து வரும்
என்று எனக்குத் தெரியும்:
அடுத்த சிவப்பு விளக்கிலிருந்து,
குடிக்காத தண்ணீரிலிருந்து,
கழிப்பறைக்குப் போகாமல் அடக்குவதிலிருந்து.

மூன்றரைக்கெல்லாம் பொழுது
பணி முடிந்து கிளம்பிவிட்டது.
எதிரே வரும் நம் வண்டிக்கு
ஸ்டியரிங்கை விடாமல் இரண்டு விரல் தூக்குவோமே,
இறங்கும்போது அப்படித் தூக்கினேன்.
டிராமுக்கு ஸ்டியரிங் கிடையாது.
எப்படிப் புரிந்ததோ, அவளும் இரண்டு விரல்.

டப்ளினைப் பற்றிக் கேட்காதீர்கள்.
நல்ல ஊர். மழை.

மரின் பரேட் தாண்டியது, ஆர்ச்சர்ட் தாண்டியது,
டாம்லின்சன் சாலையில் வண்டி திரும்பியது.
அவன் அசையவில்லை.
சார், எங்கே போகணும் என்று கேட்டிருக்கலாம்.
ஏசியை ஒரு புள்ளி குறைத்தேன்.

சன்டெக் பக்கம் ஒரு பள்ளிப் பிள்ளை ஓடிவந்தது,
ஒரு காலணியின் கயிறு அவிழ்ந்து.
நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று.
கண்ணாடியில் பார்த்தால்
அவன் உதடு அசைந்தது.
எண்ணினானா, கொட்டாவியா.

முனையத்தில் இரண்டு விரல் வரும்
என்று ஒரு நொடி நினைத்தேன்.
பையைத் துழாவிக்கொண்டே இறங்கிப் போனான்,
அவனுக்கு அடுத்த விமானம்.

கடைசி நடையில் இருக்கைக்கு அடியில் அது கிடந்தது.
பணிமனைப் படிவத்தில் எழுதினேன்:
கையுறை. கம்பளி. சாம்பல் நிறம். ஒன்று. இடது.
மதிப்பு என்ற கட்டத்தை
ஹாஷிமிடம் விட்டுவிட்டுச்
சாப்பிடப் போனேன்.