அரைப்பேர்

புதன்கிழமை மேஸ்திரி எனக்கு அரைப்பேர் போடுவார்.
மிச்சப் பாதியை நான்
சேரம்பாடி துணை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன்,
இடுப்பில் பிள்ளையோடு.

பிள்ளைக்குத் தடுப்பூசி என்றுதான் வீட்டில் பேச்சு.
முதலில் சில தடவை அது பொய்யும் இல்லை:
அவளுக்குத் தொடையில் ஒன்று, எனக்குக் கையில் ஒன்று.
அழுகையை அவளே பார்த்துக்கொண்டாள்.

இப்போது அவள் அட்டையில் கட்டமெல்லாம் நிரம்பிவிட்டது.
அடுத்தது ஐந்து வயதில்.
என் அட்டைக்கு மூன்று மாதம், மறுபடி மூன்று மாதம்.
அதை அரிசி டின்னில் வைக்க முடியாது, அத்தை அளப்பாள்.
பெட்டியில் முடியாது, அவர் சம்பளச் சீட்டுத் தேடுவார்.
இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்புக்குள்
தைத்து வைத்திருக்கிறேன்.
நனைந்து நனைந்து
தேதி ஊதாவாய்ப் பரவிக் கிடக்கிறது.

போன முறை வளைவில் ஒற்றை யானை.
இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் ஜீப்,
எல்லா எஞ்சினும் அணைந்திருக்க
அது பலாவை நிதானமாய்ப் பிளந்து தின்றது.
ஒரு புதன் போயிற்று.
அடுத்த புதன் மூச்சிரைக்கப் போய் நின்றேன்.
"நாள் தாண்டிருச்சு நர்ஸம்மா."
ரெஜினாம்மா காலண்டரைப் பேனாவால் தட்டித் தட்டி எண்ணினார்.
"நாலு வாரம் வரைக்கும் தாங்கும். கையை ஏத்து."
மருந்து செய்தவர்கள்
யானைக்கும் சேர்த்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பெஞ்சில் ஒரு பையன்
சுவரிலிருந்த பெட்டியைப் பார்க்காததுபோல் பார்த்தான்.
"காசு கிடையாது தம்பி, எடுத்துக்க",
அவர் திரும்பாமலே சொன்னார்.
ஸ்வெட்டர் கை ஒன்று நீண்டு, உடனே சுருங்கியது.

அவருக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்.
மழை வருகிறதா என்று வாசலைப் பார்த்தேன்.
வேறொன்றும் கேட்கவில்லை.

ஆறாவது ஊசிக்குப் பிறகு தீட்டு நின்றுபோனது.
இப்படி ஆகும், பயப்படாதே, விட்டால் திரும்ப வரும் என்று
எனக்குச் சொல்லியிருந்தார்கள்.
அத்தைக்கு யாரும் சொல்லவில்லை.
லயத்துக் கொடியைக் கண்ணால் கணக்கெடுப்பவள்.
இந்த மாதம் துணி இல்லை.
போன மாதமும்.

ஒரு ஞாயிறு சந்தையிலிருந்து
மடியில் முடிந்து வந்தாள், மூன்று பச்சை மாங்காய்.
ஒரு வார்த்தை இல்லை.
கீற்றுக் கீற்றாய் அரிந்தாள்,
உப்பும் மிளகாய்த்தூளும் பக்கத்தில்.
ஏழு பெற்றவள்,
நாலைத் தேயிலைத் தூருக்குக் கொடுத்தவள்.
நான் தின்றேன்.
பல் கூசியது, நல்ல புளிப்பு.
என் வயிற்றைப் பார்க்கவில்லை அவள்,
வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கடைசிக் கீற்றைத் தானே எடுத்துக்கொள்ளும் வரை.

"அம்மாவுக்கு என்ன, இன்னிக்கு இவ்வளவு சந்தோஷம்?"
ராத்திரி அவர் கேட்டார்.
"மாங்கா மலிவாம்."

நாளை புதன்.
பிள்ளைக்கு ஊசி இல்லை.
எனக்கு இன்னும் ஒரு காரணம் கிடைக்கவில்லை.
எப்படியும் மேஸ்திரி அரைப்பேர்தான் போடுவார்.
அங்கே, நீல அட்டை நோட்டில்,
ரெஜினாம்மா தன் கோணல் எழுத்தில்
யோகமலர் என்று
முழுசாய் எழுதுவார்.