வழிக்குப் புள்ளி

பிறிஸ்டல் போட் வாங்கக் காசு பிரித்தோம்.
சில்லறைதான் சேர்ந்தது.
அலுமாரிக்கு மேலே சுருட்டிக் கிடந்தது
எட்டாம் ஆண்டின் இரண்டாம் தவணைப் பரீட்சை.
போட்டோகொப்பிக்குப் பணமில்லை என்று அதிபர் கைவிரித்த நாளில்
ஒன்பது கணக்கையும் பெரிதாய் எழுதிக்
கரும்பலகையில் ஒட்டியிருந்தேன்.
கடைசி வாங்கில் மெல்ரோய்
எழும்பி நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கி எழுதினான்.
அவனுக்குக் கண்ணாடி வேண்டும்.
அதற்கொரு படிவம் உண்டு, மூன்று மொழியிலும்.

அந்த அட்டையைத் திருப்பினேன்.
வெறும் பக்கத்தில் சிவப்பு மார்க்கரால்:
கல்விக்கு ஒதுக்கு.
கல்வியை ஒதுக்காதே.

ருஸ்னா டீச்சர் அதைச் சிங்களத்தில் எழுதிப் பார்த்தார்.
சிலேடை வரவில்லை.
"கோபம் வந்தால் காணும்" என்றார்.

கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னால் வெயில் ஏறிவிட்டது.
ஹட்டனிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர்கள்
சுவெட்டரை இடுப்பில் கட்டியிருந்தார்கள்.
மொனராகலை ஆசிரியர் ஒருவர்
தன் வகுப்பின் பாதிக் கூரையைப் படம்பிடித்துச்
சட்டை மேல் குத்தியிருந்தார். மீதிப் பாதி வானம்.
எங்களுடையது கொட்டாஞ்சேனை.
கூரை இருக்கிறது.
மூன்று நாளாய்க் கழிப்பறைத் தாங்கியில் தண்ணீரில்லை.
ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகள்
காலையிலிருந்து ஒன்றும் குடிக்காமல் இருந்து பழகிவிட்டார்கள்.

திறைசேரிக்குப் போகிற வீதியில் மஞ்சள் இரும்புத் தடுப்பு.
அதற்குப் பின்னால் பொலிஸ்.
அதற்கும் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் வண்டி,
இரண்டு குழாயும் எங்களைப் பார்த்தபடி.
கடற்காற்று என் அட்டையைப் புரட்டிவிட்டது.
நான் கவனிக்கவில்லை.
தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர் கவனித்தார்.
பெயர்ப்பட்டியில் விஜேகோன்.
தமிழ் தெரியாது, படம் தெரிந்தது:
ஒரு தாங்கி. இரண்டு குழாய்.
ஒன்று நிரப்ப நாலு மணி, மற்றது ஆறு.
இரண்டும் திறந்தால்?

உதடு அசைந்தது.
கேடயத்தின் வியர்வைப் படலத்தில்
விரலால் ஏதோ கீறினார். அழித்தார்.
"தொலஹென் பஹ."
பன்னிரண்டில் ஐந்து.

பதினெட்டு வருஷப் பழக்கம், வாய் சும்மா கிடக்காது.
உடைந்த சிங்களத்தில் சொன்னேன்:
வழி சரி, விடை வரவில்லை,
இன்னும் ஒரு படி இருக்கு, தலைகீழாக்க வேண்டும்.
பக்கத்தில் நின்ற அதிகாரி சட்டென்று திரும்பினார்.
அந்த இடத்தில் சொல்லக்கூடிய சொல் அல்ல அது.
விஜேகோன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு
மறுபடி சுவராய் நின்றார்.
என் மாணவன் என்றால்
வழிக்கு மூன்று புள்ளி போட்டிருப்பேன்.

ஐந்து பேரை உள்ளே அழைத்தார்கள்.
இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம்,
அதுதான் கணக்கின் விடை.
அதைவிடக் கூட நேரம் வெளியே நின்றோம்.
தூறல் வந்தது. ஒருவரும் குடை விரிக்கவில்லை.
வந்தவர்கள் ஒரு தாளோடு வந்தார்கள்:
கோரிக்கைகள் பரிசீலிக்கப்படும்.
ஜெனோவா டீச்சர், தமிழ் எடுப்பவர்,
இரண்டு தரம் வாசித்தார்.
"செயப்பாட்டுவினை. செய்கிற ஆளைக் காணேல்லை."

தண்ணீர் வண்டி நிறைந்தபடியே திரும்பிப் போனது.
எங்கள் பள்ளிப் பக்கமாய்த்தான் போயிற்று.
நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிழை திருத்தும் பாடம்.
அட்டையைப் பழையபடி ஒட்டினேன்.
நனைந்த சிவப்பு மை ஊறி
முன்பக்கம் வந்திருந்தது, கண்ணாடி எழுத்தாய்,
நேரே தாங்கியின் வயிற்றுக்குள்.
கடைசி வாங்கிலிருந்து மெல்ரோய் எழும்பினான்.
"டீச்சர், தாங்கிக்குள்ள என்னமோ எழுதியிருக்கு.
தெரியேல்ல."
முன்னுக்கு வா, என்றேன்.